மூலையில் கிடக்கும் காற்றழுத்தி

பேராக்கில் சுங்காய் போன்ற சிற்றூர்களின் வாகனப் பட்டறைகளில் பழைய காற்றழுத்தி ஒன்று துருவேறிக் கிடப்பதுண்டு. ‘கம்ப்ரசர்’ என்றால்தான் பலருக்குப் புரியும். டயருக்குக் காற்றடிக்கவும் சாயம் தெளிக்கவும் உழைத்த இயந்திரம் அது.

அதை மீண்டும் இயக்க விரும்புவோர் முதலில் பெயர்த்தகட்டைத் தேட வேண்டும். தகட்டின்மேல் சாயம் படிந்திருந்தால் தின்னரில் நனைத்த துணியால் மெல்லத் துடைக்கலாம். சுரண்டினால் எழுத்தும் போய்விடும். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் ஆகியவை அதில் இருக்கும். மலேசியாவில் பதிவான கலனில் பி.எம்.டி. என்ற எழுத்துகளுடன் பதிவெண்ணும் காணப்படும். தகடே இல்லையென்றால் சிலிண்டர்களைப் பார்க்கலாம். ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருந்தால், அது காற்றை இருமுறை அழுத்தும் வகை.

வால்வு, பிஸ்டன் வளையம், வார்ப்பட்டை, எண்ணெய் ஆகியவற்றை மாற்றுவது பெரிய வேலையன்று. அச்சம் காற்றுக்கலனில்தான். அழுத்தப்பட்ட காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகிக் கலனின் அடியில் தேங்கி, உள்ளிருந்தே இரும்பை அரிக்கிறது. வெளியே பூசிய புதுச்சாயம் அதைக் காட்டாது. அரித்த கலன் வெடித்தால் இரும்புத் துண்டுகள் பட்டறை முழுவதும் சிதறும், உயிரே போகலாம்.

எனவே, தகுதி பெற்றவர் கலனில் நீர் நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார். காற்றைப்போல் நீர் சுருங்குவதில்லை. ஆதலால், கலன் விரிசல் விட்டாலும் நீர் பெரும்பாலும் கசிவதோடு நின்றுவிடும். சோதனையில் தேறாத கலனுக்கு ஒட்டுப் போடக்கூடாது. பழைய பம்பைக் கழற்றி, புதிய கலனில் பொருத்திக்கொள்ளலாம்.