எட்டுக் கடைகளும் ஒரே சாப்பாடும்

பக்கத்தில் அதே சாமானை விற்கும் இன்னொரு கடை திறந்தால் நம்மில் பலருக்கு அன்றிரவு தூக்கம் வருவதில்லை. மறுநாள் விலையைக் குறைக்கிறோம். அவரும் குறைக்கிறார். பிறகு கடனுக்குக் கொடுக்கத் தொடங்குகிறோம். அவரும் கொடுக்கிறார். ஆறு மாதம் சென்றதும் இரண்டு கடையிலும் இறாக்கைகள் வெறுமையாக இருக்கும், கடன் கொப்பி மட்டும் தடித்திருக்கும். நமது ஊர்களில் இந்தக் கதையை எத்தனையோ தடவை பார்த்துவிட்டோம்.

ஒரே பொருளை விற்பவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தே பிழைக்கும் ஒரு சந்தையை இவ்வாரம் பார்ப்போம்.

ஜப்பானின் தென்பகுதியில் கியூஷு தீவில் உள்ள பெரிய நகரம் புகுஓகா. வாகன வியாபார விடயமாக 2019 இல் அங்கு சென்றிருந்தபோது, எங்களுடன் தொழில் செய்யும் ஜப்பானியர் ஒருவர் பகல் சாப்பாட்டுக்காக 'கெனால் சிட்டி ஹகாட்டா' என்ற ஷொப்பிங் தொகுதிக்கு அழைத்துச் சென்றார். 1996 இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் நடுவே ஒரு கால்வாயே ஓடுகிறது. அதன் ஐந்தாம் மாடியில் 'ராமென் ஸ்டேடியம்' என்ற பகுதி 2001 இல் ஆரம்பிக்கப்பட்டது. நான் போனபோது அங்கு எட்டுக் கடைகள் இருந்தன. எட்டும் விற்றது ராமென் ஒன்றைத்தான்.

ராமென் என்பது கோதுமை மா நூடில்ஸைக் கொதிக்கும் சூப்பில் இட்டு, மேலே இறைச்சி, முட்டை, வெங்காயத்தாள் வைத்துத் தரும் கிண்ணச் சாப்பாடு. பல ஊர் ராமென் கடைகளை ஒரே கூரையின் கீழ் சேர்க்கும் யோசனைக்கு 1994 இல் யொகோஹாமாவில் திறக்கப்பட்ட ராமென் நூதனசாலை முன்னோடி எனலாம்.

எட்டுக் கடைகளும் ஒன்றையொன்று எப்படி விழுங்காமல் இருக்கின்றன? நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வித்தியாசம்

குளிர் மிகுந்த வடக்கிலுள்ள சப்போரோவின் ராமெனில், சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்யும் மிசோ கலந்த கனமான சூப் இருக்கும். டோக்கியோவின் ராமென் சோயா சோஸ் கலந்த தெளிவான சூப். ஹகாட்டாவினுடையது எலும்பை நீண்ட நேரம் கொதிக்க வைத்துப் பால்போல் வெளுத்த சூப்பும் மெல்லிய நூடில்ஸும். ஆகவே வருபவர் எந்தக் கடை மலிவு என்று தேடுவதில்லை, இன்றைக்கு எந்த ஊர்ச் சுவை என்றுதான் தேடுகிறார். பெரும்பாலான கிண்ணங்கள் ஆயிரம் யென்னுக்கு உட்பட்டே இருந்தன. பக்கத்துக் கடையை விட ஐம்பது யென் குறைவு என்று எவரும் பலகை வைத்திருக்கவில்லை. அத்துடன் கடைகள் அங்கு நிரந்தரமானவையும் அல்ல. குறித்த காலத்தின் பின் சில வெளியேற, வேறு ஊர்க் கடைகள் வருகின்றன. இடம் கிடைத்துவிட்டது என்று சோம்பியிருக்க வழியில்லை.

இரண்டாவது, காசு முன்னே

கடை வாசலில் ஒரு மெஷின் இருக்கிறது. காசைப் போட்டு, வேண்டியதன் பொத்தானை அழுத்தினால் டிக்கெட் வரும். அதைக் கொடுத்தால் சாப்பாடு வரும். சமைப்பவர் கை காசில் படுவதில்லை. லாச்சிக்கு என்று தனியாக ஓர் ஆள் தேவையில்லை. கடன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. நமது கடையில் இப்படியொரு மெஷின் வைக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் இன்ன சாமானுக்குக் கடன் உண்டு, இன்ன சாமானுக்கு இல்லை என்று ஒரு சட்டத்தை வைத்து, அதை எல்லோருக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்தச் செலவே இல்லை.

மூன்றாவது, வாடிக்கையாளரின் நேரம்

அவ்வூர் நூடில்ஸ் மெல்லியதாக இருப்பதற்கு நாகஹாமா மீன் சந்தையைக் காரணமாகச் சொல்கிறார்கள். சந்தைத் தொழிலாளருக்குக் காத்திருக்க நேரமில்லை. மெல்லிய நூடில்ஸ் விரைவில் வெந்துவிடும். ஆனால் சூப்பில் கிடந்தால் விரைவில் ஊதியும் விடும். அதனால் முதலில் அளவாகக் கொடுத்து, பசி தீராதவருக்கு மிஞ்சிய சூப்பிலேயே இன்னொரு பிடி நூடில்ஸ் போடும் வழக்கம் உண்டானது. இதைக் 'காஎதாமா' என்கிறார்கள். சிறு தொகைதான். வாடிக்கையாளருக்கும் திருப்தி, கடைக்காரருக்கும் அதிக வேலையில்லாத ஒரு மேல் வருமானம்.

நான்காவது, சாப்பிடாமல் போனவர்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஹகாட்டாவின் அந்த வெள்ளைச் சூப் பன்றி எலும்பில் செய்யப்படுவது. மற்றக் கடைகளின் சூப்பையும் இறைச்சியையும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். எட்டுக் கடைகள் இருந்தும் ஒன்றிலும் எனக்குச் சாப்பிட வழியில்லை. அழைத்து வந்தவர் சாப்பிட, நான் பழச்சாறுடன் பக்கத்தில் இருந்தேன். பையில் காசு இருக்கிறது, வயிற்றில் பசி இருக்கிறது, வாங்க மட்டும் பொருளில்லை.

இப்படிப்பட்டவர்கள் அந்நாட்டில் பெருகி வந்தார்கள். 2013 இல் மலேசியர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கான விசா தேவையை ஜப்பான் நீக்கியது. முஸ்லிம் பயணிகள் அதிகரித்தனர். அவர்கள் ராமெனைப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றுடன் போவதைச் சிலர் கவனித்தார்கள். டோக்கியோவின் அசகுசாவில் கோழிச் சூப்பில் செய்த ஹலால் ராமெனை அதே பயணத்தில் நான் சாப்பிட்டேன். வெளியில் வரிசை நின்றது. கடைக்காரர் எட்டாவது கடைக்குப் பக்கத்தில் ஒன்பதாவது கடையைத் திறக்கவில்லை. எட்டுக் கடையும் கைவிட்டவருக்காகத் திறந்திருக்கிறார்.

இன்னொன்றையும் அங்கு கண்டேன். பன்றி இல்லை என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. கோழி முறைப்படி அறுக்கப்பட்டது என்பதையும், ஜப்பானியச் சமையலில் வழக்கமாகச் சேரும் மிரின் என்ற மதுவகை சேர்க்கப்படவில்லை என்பதையும் எழுதி ஒட்டியிருந்தார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியிடம் கேட்டதை நாம் அறிவோம். அடியில் உள்ளதை மேலே காட்டுவது அமானத். அதுவே நல்ல விளம்பரமும் ஆகும்.

வர்த்தக சகோதரர்களே, நாளை முதல் லாச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கொப்பி வையுங்கள். விற்றதை அதில் எழுத வேண்டாம். வந்து, கேட்டு, இல்லையென்று திரும்பிப் போனவர் எதைக் கேட்டார் என்று எழுதுங்கள். பெரிய அளவு சப்பாத்தா, அரைக் கிலோ பொதியா, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மருந்தா? ஒரு மாதம் எழுதினால், பக்கத்துக் கடையின் விலையைப் பார்த்து நாம் குறைக்க வேண்டியதில்லை என்பது விளங்கும். பக்கத்துக் கடைக்காரரின் ரிஸ்க் அவருக்கு, நம்முடையது நமக்கு. நமக்குரியதைத் தேடும் இடங்களில் ஒன்று, வெறுங்கையுடன் திரும்பிப் போன அந்த வாடிக்கையாளர்.

அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.