வெண்டிலேட்டர்: காற்று கூடினாலும் ஆபத்து

2020 ஜூலையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசு கொரோனா மருத்துவமனை திறக்கப்பட்டது. பக்கத்திலேயே இருக்கும் ஆதம்பாக்கத்திலும் அப்போது வெண்டிலேட்டர் பேச்சுதான். பேச்சோடு சில நம்பிக்கைகளும் வேரூன்றின.

‘வெண்டிலேட்டர் வைத்தால் ஆள் திரும்ப மாட்டார்.’ 2002-இல் வந்த ‘ரமணா’ படம் இறந்தவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையைக் காட்டியதிலிருந்து இந்தச் சந்தேகம் போகவே இல்லை. ஆனால் பெரிய ஆப்பரேஷன்களில் மயக்கத்தில் இருப்பவர்களுக்கு மூச்சு கொடுப்பதும் இதே வகை இயந்திரம்தான். பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்தில் குழாயை எடுத்துவிடுகிறார்கள்.

‘காற்றை நிறையக் கொடுத்தால் சீக்கிரம் தேறுவார்.’ ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் செய்தார்கள். கடும் நுரையீரல் பாதிப்பில் பல காற்றறைகள் நீர் கோத்து மூடிவிடும். செலுத்தும் காற்றெல்லாம் மிச்சமிருக்கும் நல்ல பகுதிக்குள் புகுந்து அதையும் இழுத்துக் கிழிக்கும். 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 861 நோயாளிகள். ஒவ்வொரு மூச்சிலும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 12 மில்லி வீதம் காற்று பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31 சதவீதம். புது மருந்தில்லை, புது இயந்திரமில்லை. அளவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்!

அந்தக் கிலோவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. அதனால் கணக்கு உயரத்தை வைத்துத்தான். 155 செ.மீ. உயரமுள்ள பெண் 80 கிலோ இருந்தாலும், அவருக்கான கணக்கு சுமார் 48 கிலோ. ஒரு மூச்சுக்கு 290 மில்லி போதும். தராசை நம்பினால் 480 போய்விடும்.

‘குப்புறப் போட்டுவிட்டார்கள், கவனிப்பே இல்லை’ என்பது இன்னொரு புலம்பல். கடும் பாதிப்பில் அதுவே சிகிச்சை. நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்கவைத்ததில் 28 நாள் இறப்பு 32.8-லிருந்து 16 சதவீதமாகக் குறைந்ததை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமைந்தகரை மருத்துவமனையில் இருந்த நாட்களில் ‘எக்மோ’ எல்லோருக்கும் பழகியது. அதை இன்னும் வலுவான வெண்டிலேட்டர் என்றே பலர் நினைத்தார்கள். அது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. அந்த நேரத்தில் வெண்டிலேட்டரைத் தணித்து நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கலாம். எல்லோரையும் அது மீட்பதில்லை, எஸ்.பி.பி. 2020 செப்டம்பர் 25 அன்று காலமானார்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஐசியுவில் வெண்டிலேட்டரில் இருந்தால், ‘எப்போது எடுப்பீர்கள்’ என்பதோடு இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: உயரத்தை அளந்துதான் காற்றின் அளவை வைத்திருக்கிறார்களா?