பிக்கப் வண்டிக்குப் புது பேட்டரி



பிக்கப் வண்டியில் பேட்டரியின் பெரிய வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். சாவியைத் திருகியதும் செல்ஃப் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் ஆல்டர்நேட்டரே பார்த்துக்கொள்ளும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறது. அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்துச் சுழற்றப் பலம் வேண்டும். பெட்ரோல் வண்டியைவிட டீசல் பிக்கப்புக்குப் பெரிய பேட்டரி வைப்பது இதனால்தான்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி ஏற்றிய வண்டி நள்ளிரவில் கிளம்பாமல் நின்றால், முதல் பழி பேட்டரிமேல் விழும். பல நேரம் குற்றம் வேறிடத்தில் இருக்கும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கலாம். எர்த் வயர் தளர்ந்திருக்கலாம். ஆகவே கடைக்குப் போகுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுமையாக இருக்கிறது, 12.4 என்றால் முக்கால் பங்கு. 12க்குக் கீழே இறங்கினால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது அதே மீட்டர் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்டர்நேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். அந்த வண்டியில் மாட்டும் புது பேட்டரியும் சீக்கிரமே இறங்கிவிடும். முழு சார்ஜ் ஏற்றியும், செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிகிறதென்றால் பேட்டரியின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம்.

புதியதைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது வண்டியின் பேட்டரித் தட்டில் உட்காருமா என்பது. ஜப்பானிய முறைக் குறியீட்டில் 80டி26ஆர் என்றிருந்தால், 80 அதன் திறன் வரிசை, டி அகல உயர வகை, 26 சென்டிமீட்டரில் நீளம். கடைசியில் வரும் எல் அல்லது ஆர், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால் வயர் எட்டாது; இழுத்துப் பிடித்து மாற்றி மாட்டிவிட்டால் ஆல்டர்நேட்டரின் டயோடுகள் கருகும். உயரம் கூடினால் டெர்மினல் பானட்டில் உரசி ஷார்ட் ஆகும். கிளாம்பு இறுகாத பேட்டரி, மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி உள்ளே தகடு உதிர்ந்து போகும்.

அடுத்தது திறன். 70 ஆம்பியர் அவர் என்றால், 3.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 விநாடிக்குத் தரக்கூடிய மின்னோட்டம். சோதனை முறை நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒரே தரமுறையில் அளந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டு வண்டிக்குக் குளிரைவிட வெயில்தான் பெரிய எதிரி. வெப்பம் உள்ளேயிருக்கும் ஈயச் சட்டத்தை அரிக்கும், தண்ணீரை ஆவியாக்கும். வண்டிக் கையேட்டில் சொன்ன ஆம்பியர் அவருக்குக் குறைந்ததை வாங்குவது மிச்சமே அல்ல. தட்டில் உட்காருமானால் சற்றுக் கூடியதால் கெடுதல் இல்லை. ஆனால் இரு மடங்கு பெரியதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியை வண்டிக்கு மாட்டுவது தவறு. கனத்த தகடுகள் கொண்ட அது, மெல்ல மெல்ல நீண்ட நேரம் கொடுக்க வடிவமைக்கப்பட்டது. ஒரே மூச்சில் தள்ளும் வேகம் அதற்குக் கிடையாது. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் இன்ஜின் உள்ள வண்டிக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் தாங்கும். மூடி திறக்கும் வகையில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும்.

கடையில் தயாரிப்புத் தேதியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சும்மா கிடந்தாலும் பேட்டரி இறங்கும். மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் கிடந்ததில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகியிருக்கும். வாரண்டி 48 மாதம் என்று எழுதியிருந்தால், அதில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் தள்ளுபடி மட்டும் என்பதையும் அட்டையிலேயே குறித்து வாங்குவது முக்கியம்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பழைய பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் இருப்பதால் அதைத் தெருவோரம் உடைக்கக் கொடுக்கக் கூடாது. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.