பந்தும் பதிவேடும்

கால்பந்து ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் 11 பேர். அந்தப் பக்கம் 11 பேர். நடுவே ஒரு பந்து. ஆடுகிறவர்களை எல்லாரும் பார்ப்பார்கள், கை தட்டுவார்கள். கோட்டுக்கு வெளியே ஒருவர் நிற்பார். அவர் பந்தைத் தொடுவதே இல்லை. ஆனால் ஆடுகிறவர்களை உருவாக்கியவர் அவர்தான். அவரே பயிற்சியாளர்.

அப்படி 45 ஆண்டுகள் ஒரே அணிக்காக நின்ற ஒருவரைப் பற்றி இன்று படிப்போம். அவர் பெயர் ஆன்சன் டோரன்ஸ். அமெரிக்காவில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பெண்கள் கால்பந்து அணிக்கு அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

இவர் பிறந்தது நம் நாட்டில்தான். 1951-ல் பம்பாயில் பிறந்தார். அந்த நகரம்தான் இன்றைய மும்பை. அவருடைய தந்தை எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். வேலை மாறியபோது குடும்பமும் நாடு விட்டு நாடு மாறியது. சிறு வயதில் கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று பல நாடுகளில் வளர்ந்தார். பிறகு வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே ஆண்கள் அணியில் ஆடினார். 1977 முதல் அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

பெண்கள் கேட்டார்கள்

அந்த நாளில் அமெரிக்காவிலும் பெண்களுக்கு விளையாட்டில் இடம் குறைவு. 1972-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதற்கு 'டைட்டில் நைன்' என்று பெயர். சட்டம் வருவதற்கு முன்பு, நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளிகளில் மூன்று லட்சத்துக்கும் குறைவான பெண்களே விளையாட்டு அணிகளில் இருந்தார்கள்.

சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் யாராவது உள்ளே நுழைய வேண்டும் அல்லவா?

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சில மாணவிகள் தாங்களாகவே கூடிக் கால்பந்து ஆடி வந்தார்கள். அவர்கள் நிர்வாகத்திடம் போனார்கள். "எங்களையும் பல்கலைக்கழக அணியாக ஏற்க வேண்டும்" என்று கேட்டார்கள். விளையாட்டுத் துறையின் தலைவர், டோரன்ஸை அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னார். டோரன்ஸ் பார்த்தார். "இவர்களுக்குத் தகுதி இருக்கிறது" என்றார். "அப்படியானால் நீங்களே பயிற்சி கொடுங்கள்" என்றார் தலைவர்.

1979-ல் பெண்கள் அணி பிறந்தது. டோரன்ஸ் அப்போது சட்டமும் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பை விட்டுவிட்டார். மைதானத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார். 1988 வரை ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் அவரே பயிற்சி கொடுத்தார்.

குறித்து வைத்த கணக்கு

அதே பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித் என்ற புகழ் பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். அவர் பயிற்சி நேரத்தில் ஒவ்வொருவர் செய்வதையும் எண்ணிக் குறித்து வைப்பார். டோரன்ஸ் இதைக் கவனித்தார். தன் அணிக்கும் அதைக் கொண்டு வந்தார்.

யார் எவ்வளவு வேகமாக ஓடினார்? பந்தை யார் சரியாகத் தள்ளினார்? ஒருவரோடு ஒருவர் மோதியபோது பந்து யாரிடம் போனது? எல்லாம் எழுதப்பட்டது. முதல் இடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்று பட்டியலும் ஒட்டப்பட்டது.

இது எதற்கு? தோழியைத் தோற்கடிக்கப் பல பெண்கள் தயங்கியதை டோரன்ஸ் கண்டார். "வெளியே தோழி. மைதானத்தில் போட்டியாளர். இரண்டும் சேர்ந்து இருக்கலாம்" என்ற எண்ணத்தை அவர்களிடம் வளர்த்தார். எழுதி வைத்த கணக்கு முகம் பார்ப்பதில்லை. நேற்று பத்தாவது இடம், இன்று எட்டாவது இடம் என்று தெரியும்போது, தன் வளர்ச்சி தனக்கே தெரிகிறது.

ஒரு சிறு கடிதம்

டோரன்ஸின் மாணவிகளில் மிகவும் புகழ் பெற்றவர் மியா ஹாம். 1987-ல், 15 வயதிலேயே, அமெரிக்க நாட்டு அணியில் அவருக்கு டோரன்ஸ் இடம் கொடுத்தார். 1989-ல் மியா வட கரோலினாவில் படிக்க வந்தார்.

ஒரு நாள் காலை. டோரன்ஸ் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு பூங்கா. அங்கே ஒரு பெண் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். ஓடுவாள், குனிந்து மூச்சு வாங்குவாள், மறுபடி ஓடுவாள். அது மியா. டோரன்ஸ் காரை நிறுத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. பிறகு அவளுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். யாரும் பார்க்காத நேரத்தில் அவள் செய்த உழைப்பைப் பாராட்டினார். மியா பின்னாளில் நாட்டுக்காக 158 கோல்கள் போட்டார். அந்தச் சிறு கடிதமோ பல விளையாட்டு வீரர்கள் படிக்கும் கடிதமாகிவிட்டது.

உலகக் கோப்பை

ஆண்களுக்கான உலகக் கோப்பை கால்பந்து 1930-ல் தொடங்கியது. பெண்களுக்கு அது கிடைக்க 61 ஆண்டுகள் ஆயின. 1991-ல் சீனாவில் முதல் போட்டி நடந்தது. 12 நாடுகள் ஆடின. ஆண்கள் ஆடுவது 90 நிமிடம். பெண்களுக்கு 80 நிமிடம்தான் கொடுத்தார்கள். பெண்களால் அவ்வளவு நேரம் ஆட முடியுமா என்ற சந்தேகம் அப்போதும் இருந்தது.

அமெரிக்க அணிக்கு டோரன்ஸ்தான் பயிற்சியாளர். இறுதி ஆட்டம் குவாங்சோ நகரில் நடந்தது. நார்வே அணியை அமெரிக்கா 2-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டு கோலையும் போட்டவர் மிஷெல் ஏக்கர்ஸ் என்ற வீராங்கனை.

தோல்வியும் தவறும்

வட கரோலினா பெண்கள் 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து தேசியக் கோப்பை வென்றார்கள். 1995-ல் அரையிறுதியில் தோற்றார்கள். அடுத்த ஆண்டே மீண்டும் வென்றார்கள். டோரன்ஸ் காலத்தில் மொத்தம் 22 தேசியக் கோப்பைகள் கிடைத்தன.

ஆனால் அவர் வாழ்க்கையில் எல்லாமே வெற்றி அல்ல. 1998-ல் அவர் அணியில் ஆடிய இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள். ஆட்டக்காரப் பெண்களின் அந்தரங்க வாழ்க்கை பற்றி அவர் தகாத முறையில் பேசினார் என்று புகார் சொன்னார்கள். தவறான நோக்கம் எதுவும் இல்லை என்றார் டோரன்ஸ். ஒரு வழக்கு 2004-லும் மற்றது 2008-லும் சமரசத்தில் முடிந்தன. தன் பேச்சுக்காக அவர் மன்னிப்புக் கேட்டார்.

இதையும் நாம் படிக்க வேண்டும். புகழ் பெற்றவர் என்பதற்காக ஒருவர் கேள்விக்கு மேலானவர் ஆகிவிட மாட்டார். பயிற்சி பெறும் பெண்ணுக்கு ஆடும் உரிமை உண்டு. மரியாதையோடு நடத்தப்படும் உரிமையும் உண்டு. அது மீறப்பட்டால் புகார் சொல்லும் உரிமையும் உண்டு.

கோட்டுக்கு வெளியே

2024 ஆகஸ்டில் டோரன்ஸ் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 73. அவருக்குத் துணையாக இருந்தவர் பொறுப்பு ஏற்றார். அந்த டிசம்பரிலேயே அணி மீண்டும் தேசியக் கோப்பை வென்றது.

1982-ல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் தேசியப் போட்டியில் 12 அணிகள் ஆடின. இன்று அங்கே முதல் பிரிவில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெண்கள் அணி உண்டு. இது ஒருவர் செய்த வேலை அல்ல. முதலில் சட்டம் வந்தது. மாணவிகள் துணிந்து கேட்டார்கள். நாள்தோறும் நின்று சொல்லிக் கொடுக்க ஆள் கிடைத்தது. மூன்றும் சேர்ந்தபோதுதான் மைதானம் பெண்களுக்கும் ஆனது.

நம் ஊரிலும் மைதானம் இருக்கிறது. மாலையில் அங்கே யார் ஆடுகிறார்கள்? நம் வீட்டுப் பெண் எங்கே இருக்கிறாள்?

சொல்லும் பொருளும்

பாகுபாடு – வேறுபடுத்தி நடத்துதல்
நிர்வாகம் – நடத்தும் பொறுப்பில் உள்ளவர்கள்
அந்தரங்கம் – பிறருக்குச் சொல்லாத சொந்த விஷயம்
சமரசம் – இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்வது

விடை எழுதுங்கள்

1. டோரன்ஸ் எந்த ஊரில் பிறந்தார்?
2. 1972-ல் வந்த சட்டம் என்ன சொன்னது?
3. மாணவிகள் நிர்வாகத்திடம் என்ன கேட்டார்கள்?
4. பெண்களுக்கு உலகக் கோப்பை ஆட்டம் எத்தனை நிமிடம் குறைவாக இருந்தது? கணக்குப் போடுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர்ப் பள்ளியில் பெண்கள் என்ன விளையாடுகிறார்கள்? அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறாரா? இல்லை என்றால் யாரிடம் கேட்கலாம்? கேட்க வேண்டியதை ஐந்து வரியில் ஒரு மனுவாக எழுதிப் பாருங்கள்.