பழைய டேங்க் புதைந்த நிலமா? முன்பணம் கட்டாதீங்க!

தாப்பாவில் பழைய டிரங்க் ரோட்டோரமாகக் கடைக்கு இடம் தேடும் தங்கச்சிமாரே, தம்பிமாரே, விலை மலிவு என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள். முன்னே அங்கே எண்ணெய் நிலையமோ, தோட்டத்து லோரி ஷெட்டோ இருந்ததா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். பம்பைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், டேங்க் மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

"எத்தனை வருஷத்து டேங்க்?" என்று கேட்டால் மட்டும் போதாது. கால் அங்குல இரும்புத் தகடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ஏதோ ஒரு மூலையில் குழி விழுந்து, ஊசித் துளையாகி ஒழுக ஆரம்பிக்கும். மற்ற தகடெல்லாம் திடமாகவே இருக்கும். நம்ம பக்கத்து மண்ணில் அமிலமும் அதிகம், ஈரமும் அதிகம். அதனால் டேங்கோடு மெக்னீசியக் கட்டியை இணைத்துப் புதைப்பது உண்டு. இரும்புக்குப் பதிலாக அது அரிபடும். கட்டி கரைந்து தீர்ந்ததும் மாற்றாமல் விட்டால், அப்புறம் அரிபடுவது டேங்க்தான். அமெரிக்காவில் 1988-லேயே விதி போட்டு, பாதுகாப்பில்லாத இரும்பு டேங்குகளைச் சரிசெய்யவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் வரை கெடு கொடுத்தார்கள்.

டீசல் டேங்க் வைத்திருப்பவர்களே, வெளி மண்ணைவிட உள்ளே தேங்கும் தண்ணீருக்குத்தான் நான் பயப்படுவேன். அதில் கிருமி வளர்ந்து, அமிலம் ஊறி, அடித்தகட்டை அரிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 42 டீசல் டேங்குகளைச் சோதித்து 2016-ல் அறிக்கை வெளியிட்டது. 35 டேங்குகளில் அரிப்பு நடுத்தரம் அல்லது கடுமை. சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயமே தெரியாது! நம் டீசலில் செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல் கலப்பதால் ஈரம் இன்னும் சுலபமாகச் சேரும். அளவுக் கம்பின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி அடிவரை இறக்குங்கள். தண்ணீர் பட்ட உயரம் வரை பசை நிறம் மாறும். அந்தத் தண்ணீரை லைசென்ஸ் உள்ள கழிவு குத்தகையாளரை வைத்து எடுக்கவேண்டும். கால்வாயில் ஊற்றக் கூடாது.

பக்கத்துக் கிணற்றில் எண்ணெய் வாடை வந்தால் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எண்ணெயில் உள்ள பென்சீன் என்ற நச்சு ஆவியாகி அடுப்படி முழுக்கப் பரவும். அதே தண்ணீரைச் சூடாக்கிக் குளிப்பதும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, பழைய இரும்பு வாங்குபவரைக் கூப்பிட்டு காலி டேங்கை கேஸ் வைத்து வெட்டச் சொல்வது. எண்ணெய் இல்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள், உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். ஆவியை வெளியேற்றி, கருவி வைத்து அளந்து பார்த்த பிறகே கை வைக்கவேண்டும். அது பயிற்சி பெற்றவர் வேலை.

டேங்கைத் தோண்டி எடுப்பதும், மண்ணைப் பரிசோதிப்பதும் விற்பவர் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். மாசடைந்த நிலத்துக்கென்று மலேசியச் சுற்றுச்சூழல் இலாகா 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதன்படி செய்த அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.