அரங்கும் அவையும்

இயல், இசை, நாடகம் என மூவகைப்பட்டது தமிழ். இயலைத் தனியே இருந்து கற்கலாம். இசையைத் தனியே இருந்து கேட்கலாம். நாடகம் அவ்வாறன்று, காண்போர் கூட்டம் இல்லையேல் நாடகம் இல்லை. செல்வம் வருவதற்கும் போவதற்கும் உவமை தேடிய வள்ளுவர், கூத்துக் காணக் கூடிக் கலையும் அவையையே எடுத்துக்காட்டினார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என அரங்கிற்கு அளவு கூறுகிறது. அரங்கின் அளவை நூல் கூறிற்று. அவையின் தன்மையை இங்கு நாம் சிந்திப்போம்.

இசை நாடகம்

மதுரை, புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் ஊர்த் திருவிழாக்களை ஒட்டி இன்றும் இசை நாடகங்கள் நடைபெறுகின்றன. மக்கள் இவற்றை 'ஸ்பெஷல் நாடகம்' என்பர். இவற்றிற்கு ஆசானாகப் போற்றப்பெறுபவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவர்தம் 'வள்ளி திருமணம்' பெரிதும் விரும்பப்பெறுவது. நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே பேசி அமர்த்தப்பெற்று, அன்றிரவு மேடையில்தான் ஒன்றுகூடுவர். ஒத்திகை கிடையாது. கதையும் பாடலும் அனைவர்க்கும் பாடம். உரையாடலின் பெரும்பகுதியை மேடையிலேயே புனைந்துகொள்வர். ஆதலின் அவையின் முகம் நோக்கியே அவர்தம் சொல் பிறக்கிறது.

அவையின் பொறுப்பு

"பபூன் பேச்சில் இரட்டைப் பொருள் மிகுந்துவிட்டது, குடும்பத்தோடு காண இயலவில்லை" என்பர் பலர். இக்குறை பொய்யன்று. ஆயின், இதற்கு யார் காரணர் என்பதை எண்ணுதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றூர் ஒன்றில் 'வள்ளி திருமணம்' காணக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். பபூனின் நகைச்சுவை எல்லை கடக்கலாயிற்று. மகளை அழைத்துக்கொண்டு எழுந்துவிடலாமா என்றுகூட எண்ணினோம். அப்பொழுது முன்வரிசைப் பாயில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, பொம்பளைப் பிள்ளைக உட்கார்ந்திருக்கு, பார்த்துப் பேசு" என்று உரக்கக் கூறினார். பபூன் உடனே கைகூப்பி, "மன்னிச்சுக்க ஆத்தா" என்றார். அடுத்த சொல்லிலேயே பேச்சைத் திருப்பினார். அவை சிரித்தது, அச்சிரிப்பில் மாசில்லை.

அம்மூதாட்டி அன்று வாராதிருந்தால் என்னாகும்? நாம் கண்ட உண்மை இதுவே: அரங்கு கெட்டதால் குடும்பங்கள் விலகின என்பது பாதி, குடும்பங்கள் விலகியதால் அரங்கு மேலும் கெட்டது என்பது மறுபாதி.

தினையும் திணையும்

வள்ளி பரண்மீது நின்று, கவண் ஏந்தி, 'ஆலோலம்' பாடித் தினைப்புனம் காக்கிறாள். நாரதர் வந்து அவளோடு தருக்கம் புரிகிறார். மறுநாள் காலை எட்டாம் வகுப்பு மாணவியான நம் மகள், "தினை வேறு, திணை வேறா அத்தா?" என்று வினவினாள். தினை விளையும் மலைநிலமே குறிஞ்சித் திணைக்கு உரியது என விளக்கினோம். கரும்பலகையில் பலமுறை எழுதியும் மாணவர் மனத்தில் நில்லாத வேறுபாடு, ஓரிரவில் ஒரு சிறுமிக்குப் புலனாயிற்று.

'கதை வேற்றுச் சமயத்ததாயிற்றே' என ஐயுறுவாரும் உளர். கதை அவர்தம் சமயத்தது. தமிழோ அனைவர்க்கும் உரியது. நம்மவர் மரபிலும் 'அலிபாதுஷா நாடகம்' போன்ற நாடக நூல்கள் தோன்றியமை நினைவுகூரத்தக்கது.

செய்யத்தக்கன

நாடகம் காணச் செல்லுமுன் கதையைப் பிள்ளைகட்குக் கூறுக. விடியும்வரை விழித்திருத்தல் இயலாதெனில் தருக்கப் பகுதியையேனும் காண்க. பாயும் போர்வையும் கொண்டு சென்று, முதியோரை முன்னே அமர்த்துக. மறுநாள் பிள்ளைகள் கேட்கும் சொற்களுக்குப் பொருள் கூறுக.

வீட்டில் இன்று தொலைக்காட்சியை ஒருவரும் கைப்பேசியை ஒருவரும் தனித்தனியே நோக்கியிருக்கின்றோம். அத்திரைகளை நோக்கி, "பார்த்துப் பேசு" என்றால் அவை கேளா. ஊர் அரங்கு கேட்கும். கேட்கும் அரங்கு இருக்கும்போதே நாம் சென்று அமர்தல் வேண்டும்.