இதயம் காக்கும் நடை



ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பாதையைப் பார்வையிட டிராலியில் போவோம். நான் குடை நிழலில் உட்கார்ந்திருப்பேன். டிராலிமேன்கள் ஓடி ஓடித் தள்ளுவார்கள். அதைப் பெரிய சலுகை என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்று சின்னக்கானல் திரும்பிய முதல் வாரம், வீட்டு மேட்டில் மூச்சு வாங்க நின்றுவிட்டேன். கொழுந்துச் சாக்கைச் சுமந்து வந்த, என்னைவிட மூத்த அக்கா ஒருவர், "என்ன தம்பி, இதுக்கேவா?" என்று கேட்டுவிட்டு முன்னே போனார். மறுநாள் பரிசோதித்ததில் இரத்த அழுத்தம் 160/100.

உட்கார்ந்த வேலைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ரயில்வேயிலேயே இதற்குச் சான்று உண்டு. அமெரிக்க ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த ஹென்றி டெய்லர் குழுவினர் 1962-இல் முடிவை வெளியிட்டனர். இதய இரத்தக்குழாய் நோயால் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இறந்தவர்கள், குமாஸ்தாக்களில் 5.7, ஷண்டிங் ஊழியர்களில் 3.9; நம் கேங்மேன்களைப் போலப் பாதையில் உழைத்தவர்களில் 2.8. உடல் நலம் குன்றியவர்கள் இலகுவான வேலைக்கு மாறியதும் இந்த வேறுபாட்டுக்கு ஓரளவு காரணமாகலாம். ஆனால் பின்னர் வந்த பல ஆய்வுகளும் உழைப்பின் பக்கமே நின்றன.

இதயம் ஒரு பம்பு. தொடர்ந்து நடந்து பழகினால் ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும். ஓய்வு நேரத்தில் நாடித்துடிப்பு குறையும். இரத்தம் வேகமாகப் பாயும்போது குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாளடைவில் இரத்த அழுத்தம் தணியும், சர்க்கரையும் கட்டுப்படும்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். முதலில் சமதளம், பிறகு மேடு. பனிக் குளிரில் வெயில் வந்தபின் கிளம்புங்கள். நெஞ்சு இறுக்கமோ, கை, தாடை வரை பரவும் வலியோ வந்தால் உடனே நின்று மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பிழைப்புக்காக மலையேறி வந்த நம் பெற்றோர் கூடையோடு ஏறி இறங்கி நம்மைப் படிக்க வைத்தனர். நாற்காலி வேலை கிடைத்தது. கூடவே அவர்களுடைய நடையை இழந்தோம். வேலை நம்முடையது, நடையும் நம்முடையதாகட்டும்.

மாத்திரையும் நடையுமாக ஓராண்டு ஆயிற்று. அந்த மேட்டை இப்போது நிற்காமல் ஏறுகிறேன். அக்காவை முந்தத்தான் இன்னும் முடியவில்லை!